எந்த ஊர் உளுந்து?

ரங்கூனில் காளியம்மன் கோயிலிலிருந்து நாலு தெரு தள்ளி எங்களுக்கு ஒரு சின்னப் பலகாரக் கடை. காலை ஐந்தரைக்குத் திறந்தால் பத்தரைக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடுவோம். இட்லி, தோசை, வடை. வாரத்தில் இரண்டு நாள் மதியம் மீன் குழம்புச் சாப்பாடும் உண்டு. வருகிறவர்களில் பாதிக்கு மேல் பர்மாக்காரர்கள். ‘தோஷே’ என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். என் மாமியார் காலத்துக் கல் உரல் இன்னும் கடை மூலையில் கிடக்கிறது, அதன்மேல் இப்போது சில்லறை டப்பா உட்கார்ந்திருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மழைக்காலம் முழுக்க எனக்கு மாவு பொங்கவே இல்லை. எவ்வளவு ஊறப்போட்டாலும் உளுந்து அரைபடும்போது பஞ்சு மாதிரி எழும்பாமல் களி மாதிரி அடியில் உட்கார்ந்தது. அரிசியை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன், கிரைண்டர் கல்லைக்கூடக் கொத்திப் பார்த்தேன். அந்தச் சமயம் சென்னையில் இருக்கும் நாத்தனார் மகள் வருவதாகச் சொன்னாள். “உனக்குப் புண்ணியமாப் போகும், வேற ஒண்ணும் வேண்டாம், நல்ல உளுந்து அஞ்சு கிலோ வாங்கிட்டு வா” என்றேன்.

வாங்கி வந்தாள். பெட்டியைத் திறந்து பையை எடுத்தால், கடைக்காரர் கையால் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறது: பர்மா உளுந்து.

“அத்தை, இதுதான் நல்லாப் பொங்கும்னு கடைக்காரர் சொன்னார். இட்லிக் கடைக்காரங்க எல்லாம் இதைத்தான் வாங்கறாங்களாம்.”

வீடே சிரித்தது. விமானம் ஏறி வந்த உளுந்து அதற்கு முன்னால் கப்பல் ஏறிப் போயிருக்கிறது. நான் மட்டும் கொஞ்சம் தாமதமாகத்தான் சிரித்தேன். முப்பது வருஷமாக உளுந்து அரைக்கிறேன். விலை கேட்டிருக்கிறேன், பேரம் பேசியிருக்கிறேன், வீசைக்கு இரண்டு தேக்கரண்டி குறைந்தால் தராசுத் தட்டைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறேன். அது எந்த மண்ணில் விளைந்தது என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

அன்றிலிருந்து எதை வாங்கினாலும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன். “பெகா லாலே?” எங்கிருந்து வருகிறது? அவ்வளவுதான் நான் புதிதாகச் செய்த காரியம். அது எங்கெங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் இழுத்துப் போனது பெகுவுக்கு. பெகு தாண்டி இன்னும் இரண்டு மணி நேரம் போனால் சித்தப்பா மகன் நிலம் வைத்திருக்கிறான். கல்யாணம், காரியம் என்று எத்தனையோ தடவை போயிருக்கிறேன். வயலுக்குள் இறங்கியது அந்த மாசி மாதம்தான். தம்பி என்னைப் பார்த்து, “என்னக்கா, நிலம் வாங்கப் போறியா?” என்றான்.

அங்கே மழைக்கால நெல்லை அறுத்த கையோடு, நிலத்தில் ஈரம் இருக்கும்போதே உளுந்தைத் தெளித்துவிடுகிறார்கள். தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மிச்சமிருக்கிற ஈரத்திலும் பனியிலும் அது வளர்ந்து, மூன்று மாதத்துக்குள் காய்த்துக் கறுத்துவிடுகிறது. தம்பி ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினான். கேழ்வரகு மணி அளவில் சின்னச் சின்ன முடிச்சு. ஒன்றை நகத்தால் கீறினான், உள்ளே சதை இளஞ்சிவப்பாக இருந்தது. “இது உயிரோட இருக்குன்னு அர்த்தம். காத்துல இருக்கற சத்தை மண்ணுக்குக் கொண்டுவர்றது இதுதான். அடுத்த நெல்லுக்கு உரம் கொஞ்சம் குறைச்சுப் போட்டாப் போதும்” என்றான். இட்லியின் வெள்ளைக்குப் பின்னால் இந்தச் சிவப்பு இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அறுத்த செடியைக் களத்தில் காயவைத்து அடித்து, தூற்றி, மூட்டை கட்டினால் ‘ப்வேசா’ வந்துவிடுவார். பர்மியத்தில் தரகர் என்று அர்த்தம். அங்கிருந்து ரங்கூன் பயின்னவுங் மொத்தச் சந்தை. அங்கே சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். பருமணி ‘எஸ்.கியூ.’, நடுத்தரம் ‘எஃப்.ஏ.கியூ.’ இரண்டுமே பெரும்பாலும் முழு உளுந்தாகவே கப்பலேறிப் போய், இந்திய ஆலைகளில் தோல் உரிகின்றன. பர்மாக்காரர்கள் சமையலில் உளுந்து அதிகம் சேர்ப்பதில்லை. நம்மைப் போன்றவர்களுக்காக உள்ளூரில் நிற்கும் சரக்கு கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் சில கடைகளில் போன வருஷத்தது, அதற்கு முந்தின வருஷத்தது என்று கலந்து கிடக்கும். எனக்குப் பொங்காமல் போனது அந்தக் கலப்புச் சரக்கு. உளுந்தின்மேல் ஒரு தப்பும் இல்லை.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன், இட்லிக்கு அரைக்கிறவர்களுக்கு உதவும். பர்மாவில் புது உளுந்து மாசி, பங்குனியில் வரும். அப்போதே வருஷத்துக்கு வேண்டியதை முழு உளுந்தாக வாங்கி, நன்றாக வெயிலில் காயவைத்துக் காற்றுப் புகாமல் வைத்துக்கொள்வது நல்லது. உடைத்ததும் உரித்ததும் சீக்கிரம் பழசாகும். வாங்குமுன் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி வந்து ஊறப்போட்டு அரைத்துப் பார்க்கலாம். அரைத்த மாவில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் அந்தக் கடைக்குத் திரும்பப் போக வேண்டாம். உரித்த பருப்பு கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக இருந்து, அளைந்த கையில் மாவு ஒட்டினால் அது மெருகேற்றியது.

தம்பி வீட்டில் அன்று இரவு பேச்சு 2017-க்குப் போனது. அதற்கு முந்தின இரண்டு வருஷம் இந்தியாவில் பருப்புத் தட்டுப்பாடு. இங்கே உளுந்துக்கும் துவரைக்கும் நல்ல விலை. ஊரே கடன் வாங்கிப் பயறு போட்டது. 2017 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் இறக்குமதிக்கு வரம்பு கட்டியது. துவரை வருஷத்துக்கு 2 லட்சம் டன், உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து 3 லட்சம் டன், அதுவும் எல்லா நாட்டிலிருந்தும் சேர்த்து. அங்கே அமோக விளைச்சல், அவர்கள் விவசாயியைக் காப்பாற்ற அவர்கள் செய்தார்கள். அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வாங்குகிற கை ஒன்றே ஒன்றாக இருந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊர்க் களங்களில் பார்த்தார்கள். தம்பி அந்த வருஷம் இரண்டு மாட்டை விற்றான். 2021-இல் இரண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டு, ஐந்து வருஷத்துக்கு வருஷம் இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் எடுப்பதாக ஏற்பாடானது. அதற்கப்புறம்தான் கொஞ்சம் மூச்சு வந்தது என்றான்.

சென்னையில் இட்லி சாப்பிடுகிறவருக்கு இந்த மாட்டைப் பற்றித் தெரிய வழியில்லை. ரங்கூனில் இட்லி சுடுகிற எனக்கே தெரியாதே.

மறுநாள் காலை கிளம்பும்போது, வீட்டுக்கு முன்னால் இருந்த காராமணிப் பந்தலைப் பார்த்தேன். காய் ஒவ்வொன்றும் முழ நீளம், ஒரு சொத்தை இல்லை. கையை நீட்டினேன். தம்பி சம்சாரம் சட்டென்று, “அண்ணி, அது வேண்டாம். அது சந்தைக்கு. நமக்குப் பின்னாடி இருக்கு” என்றாள்.

பின்னாடி இருந்த பந்தலில் காய் கோணல்மாணல், இலையெல்லாம் ஓட்டை. அதைத்தான் பறித்துக் கொடுத்தாள். முன்பந்தலுக்கு முந்தாநாள்தான் மருந்து அடித்திருக்கிறார்கள், அடுத்த நாள் பறித்துச் சந்தைக்குப் போகும். நான் அவளைக் கோபிக்கவில்லை. ஓட்டை விழுந்த காயை என்னைப் போன்ற ரங்கூன்காரிகள்தானே ஒதுக்கித் தள்ளுகிறோம்! என் முப்பது வருஷ ‘நல்லதாப் பார்த்துப் பொறுக்குற’ சாமர்த்தியம்தான் அந்த முன்பந்தலுக்கு மருந்து அடிக்க வைத்தது. பஸ் ரங்கூன் வந்து சேரும்வரை இதே யோசனை.

இப்போது காய்கறி வாங்கும்போது ஊரோடு சேர்த்து, “மருந்து அடிச்சு எத்தனை நாள்?” என்றும் கேட்கிறேன். எல்லாரும் உண்மை சொல்வதில்லை. கேட்டதும் முகம் சுளிக்கிறவர்களும், யோசித்துப் பதில் சொல்கிறவர்களும் யார் யார் என்று தெரிந்துபோகிறது. நான் வாடிக்கையாக வாங்கும் அமா (அக்கா மாதிரி, இங்கே கொஞ்சம் மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) இப்போது அவராகவே, “இன்னைக்குக் கோஸ் வேண்டாம், வெண்டை வாங்கிக்கோ” என்கிறார்.

தக்காளி விஷயத்தில் இது இன்னும் சிக்கல். ரங்கூனுக்கு வரும் தக்காளியில் பெரிய பங்கு ஷான் மாநிலத்து இன்லே ஏரியிலிருந்து வருவது. ஏரியின் மேலேயே களைச்செடிகளையும் சேற்றையும் சேர்த்து மிதக்கும் பாத்தி கட்டி, மூங்கில் குத்தி நிறுத்தி, படகில் போய்ப் பறிக்கிறார்கள். படத்தில் பார்த்தால் கொள்ளை அழகு. ஆனால் நிலத்தில் அடிக்கும் மருந்தாவது மண்ணில் கொஞ்சம் தங்கும். மிதக்கும் பாத்தியில் அடிப்பது நேராக ஏரிக்குள் இறங்கும். அதே ஏரியில்தான் அவர்கள் குளிப்பதும் மீன் பிடிப்பதும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு தக்காளியையே விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். சாம்பாருக்குத் தக்காளியைக் குறைத்துப் புளியைக் கூட்டினேன். புளி வடக்கே பக்கொக்கு, மியின்ஜான் பக்கத்து வறண்ட நிலத்து மரம், யாரும் அதற்கு மருந்து அடிப்பதில்லை. மாமியார் காலத்துச் சாம்பார் அப்படித்தான் இருந்ததாம். வாடிக்கையாளர் ஒருவர் மட்டும் “என்ன அக்கா, கல்யாண வீட்டு வாசனை வருது” என்றார்.

காய்களை ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினால் மேலே ஒட்டியிருப்பது ஓரளவு போகும். செடிக்குள் ஏறிவிட்ட மருந்து எந்த உப்புத் தண்ணீருக்கும் மஞ்சள் தண்ணீருக்கும் போகாது. ஊறவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி ஏமாற வேண்டாம்.

எண்ணெய்க் கதை கொஞ்சம் அவமானமான கதை. பல வருஷம் ஒரே கடையில் கடலை எண்ணெய் வாங்கிவந்தேன். ‘சுத்தமான மியேபேஸீ’ என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். மற்ற கடையைவிட விலை குறைவு. நானும் நம்முடைய பேரத் திறமை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மார்கழி விடியற்காலை, கோயிலுக்குப் போய்விட்டு வந்து கடை திறந்தேன். ரங்கூனுக்கு அந்த ஒரு மாதம்தான் குளிர். விளக்கைப் போட்டால், கண்ணாடிப் பாட்டிலில் அடிப்பாகம் பாதிவரை வெள்ளையாக, நெய் மாதிரி உறைந்து நிற்கிறது. மேலே மட்டும் மஞ்சளாகத் தெளிந்த எண்ணெய். கடலை எண்ணெய் அந்தக் குளிருக்கு உறையாது. உறைந்தது பாமாயில்.

அந்தக் கடைக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் நிதானமாக, “அக்கா, நீங்க கொடுக்கற காசுக்குக் கடலை எண்ணெய் எப்படி வரும்?” என்றார். எனக்குப் பதில் இல்லை. ஒரு வீசைக் கடலை எண்ணெய்க்கு எத்தனை வீசைப் பருப்பு ஆட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தால், அந்த விலைக்கு அது கிடைக்காது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. எது மலிவாகக் கிடைத்தாலும், மூலப்பொருள் என்ன விலை, அதைவிட இது எப்படிக் குறைந்தது என்று ஒரு நிமிஷம் யோசிப்பேன். மிளகாய்த் தூள், தேன், நெய் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

உங்கள் ஊரில் குளிர் இல்லாவிட்டால், கொஞ்சம் எண்ணெயைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் தெரிந்த நல்ல எண்ணெய் ஒன்றையும் வைக்க வேண்டும். எது முன்னால், எவ்வளவு உறைகிறது என்று ஒப்பிட்டால்தான் புரியும், ஒன்றைத் தனியாக வைத்து முடிவு கட்டக் கூடாது.

நல்ல எண்ணெய் தேடிப் போனதில் இன்னொரு பாடம். பகானிலிருந்து போப்பா மலைக்குப் போகிற வழியில் பனை வெல்லம் காய்ச்சும் குடிசைகளில் மாட்டுச் செக்கு ஓடும். அதைப் பார்த்ததும் எனக்குத் தஞ்சாவூர் பார்த்த மாதிரி மனசு உருகிவிட்டது (தஞ்சாவூரை நான் பார்த்ததே இல்லை, பாட்டி சொல்லித்தான் தெரியும்). இரண்டு பாட்டில் வாங்கினேன். வீட்டில் திறந்தால் லேசான கசப்பு. செக்கு நல்ல செக்குதான், உள்ளே போட்ட கடலை நல்ல கடலை இல்லை. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கும், ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுதாகப் போகாது. இப்போது நான் மக்வே பக்கத்துக் கடலை மூட்டை வரும் ஒரு சின்ன மோட்டார் செக்கில், கண் முன்னால் சலித்து ஆட்டுகிற இடத்தில் வாங்குகிறேன். சுருங்கியது, கறுத்தது, முளை விட்டதையெல்லாம் நாலு பெண்கள் உட்கார்ந்து பொறுக்குகிறார்கள். மாடு சுற்றுகிறதா, மோட்டார் சுற்றுகிறதா என்பதைவிட அந்த நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்களா என்பதுதான் எனக்கு முக்கியம்.

அந்த எண்ணெயில் வடை சுட்டு, பழைய விலைக்கு விற்க முடியாது. இதில் நான் கண்ட வழி ஒன்றும் வீரமானது அல்ல. தினமும் வடை என்பதை வாரத்தில் மூன்று நாள் ஆக்கினோம். தாளிப்புக்கும் தோசைக்கும் நல்ல எண்ணெய். வடைக்கு இன்றைக்கும் பாமாயில்தான், ஆனால் அதைப் பாமாயில் என்று சொல்லி வாங்கி, பாமாயில் என்று சொல்லித்தான் சுடுகிறேன், ஒரு நாள் காய்ந்ததை மறுநாள் ஊற்றுவதில்லை. 2022-இல் இந்தோனேசியா மூன்று வாரம் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியதையும், அந்த வருஷம் ரங்கூனில் லாரிக்குப் பின்னால் ஜனங்கள் எண்ணெய்க்காகக் கேனோடு வரிசையில் நின்றதையும் இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். எள்ளும் கடலையும் விளைகிற நாட்டில், சட்டியில் காய்வது பாதிக்கு மேல் கடல் தாண்டி வருகிற எண்ணெய். என் பாட்டி இதையே தலைகீழாகச் சொல்வாள். 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் இங்கிருந்து போகிற அரிசி நின்றது. வங்காளத்திலும் இலங்கையிலும் மலையாளக் கரையிலும் பர்மா அரிசியை நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டை, ஊருக்குத் திரும்ப நடந்த சொந்தக்காரர்கள் பின்னாளில் கடிதம் எழுதினார்களாம்.

சாயத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 2009-இல் சுகாதார அமைச்சு, நாங்கள் டீயோடு மென்றுகொண்டிருக்கும் ஊறிய தேயிலையில், லப்பே என்போம், பல பிராண்டுகளில் ஆரமைன் ஓ என்ற துணிச்சாயம் இருப்பதாகப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. பெரிய பெயர்களும் அதில் இருந்தன. ஆறு மாதம் யார் வீட்டுக்குப் போனாலும் லப்பேத் தட்டை நீட்டக் கூச்சப்பட்டார்கள். அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. நல்ல லப்பே, வடக்கு ஷான் மலையில் நம்சான் பக்கம் பலாவுங் மக்கள் பறித்து ஊறவைப்பது, மங்கின ஆலிவ் நிறம்தான் இருக்கும். பச்சைப்பசேலென்று மஞ்சளடித்து விரலில் ஒட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். காய்ந்த இறாலும் அப்படியே. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டால் சாயம் ஏற்றியது தண்ணீரைச் சிவப்பாக்கும். மிளகாயைக் காம்போடு முழுசாக வாங்கி அரைத்துக்கொள்வதில் கிடைக்கிற நிம்மதி எந்தச் சோதனையிலும் இல்லை.

மீனுக்கு வருகிறேன். கடையில் மீன் குழம்பு வைக்கும் நாளில் விடியுமுன்பே வீட்டுக்காரர் சான்பியா மீன் சந்தைக்குப் போவார். முன்பெல்லாம் எது பெரிசாக, மலிவாக இருக்கிறதோ அதுதான். பெரும்பாலும் ஙமியிச்சின், அதாவது ரோகு. அதன் ஊரைக் கேட்கப்போய், துவாந்தே பக்கம் ஒரு குளத்தைப் பார்த்துவிட்டு வந்தார். குளத்துக்கு மேலே கம்பு நட்டுக் கோழிக் கொட்டகை. கோழி போடுவது கீழே மீனுக்கு.

வீட்டில் பிள்ளைகள் குமட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எருவைக் குளத்தில் போட்டுப் பாசி வளர்த்து மீன் வளர்ப்பது ஆசியா முழுக்கப் பழைய வழக்கம், நெல்லுக்கும் நாம் அதைத்தானே போடுகிறோம். எனக்கு உறுத்தியது வேறு. கோழிக்குக் கொடுக்கிற மருந்தெல்லாம் தினமும் அதே தண்ணீருக்குத்தான் வரும். ஒரே மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துப் பழகிய கிருமி, பிறகு நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது அந்த மருந்துக்கு மசியாது. அதனால் கோழிக் கொட்டகை இல்லாத குளத்து மீன் யாரிடம் கிடைக்கும் என்று விசாரித்து, ஒரே ஆளிடம் வாங்குகிறோம். அவர் மீன் சிறிசுதான், ஆனால் சேற்று வாடை இல்லை.

மீன் கெடாமல் இருக்கச் சேர்க்கிற ஃபார்மலின் ரசாயனத்துக்குப் பயந்து ‘ஈ உட்கார்ந்தால் நல்ல மீன்’ என்று எல்லாரும் சொல்வார்கள். ஐஸில் புதைத்த மீனிலும் ஈ உட்காராது, அதை வைத்து முடிவு செய்ய முடியாது. நான் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், அப்புறம் முதுகில் கட்டைவிரலால் அழுத்துவேன். குழி உடனே நிமிர வேண்டும். ரப்பர் மாதிரி விறைத்து, மீன் வாடையே இல்லாமல் இருந்தாலும் சந்தேகம்தான்.

உல்லம் மீன் இன்னொரு வருத்தம். இங்கே ஙதலவ் என்பார்கள். கடலிலிருந்து ஐராவதியில் எதிர்நீச்சல் போட்டு ஏறி முட்டையிடும் மீன். சினையோடு இருப்பதற்குத்தான் விலை அதிகம், என் வீட்டிலும் சினைக்குத்தான் சண்டை. ஆற்றில் ஏறும்போதே பிடித்துச் சினையையும் தின்றுவிட்டால் அடுத்த வருஷம் எது ஏறிவரும்? சின்ன உல்லமும் சினை உல்லமும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். வீட்டுக்காரர் ஒரு தடவை மாமனார் திவசத்துக்கு மட்டும் மீறினார். அவருக்குப் பிடித்த மீன் என்று சொன்னார், நானும் பேசாமல் பொரித்துப் படைத்தேன்.

கிரைண்டருக்குப் பக்கத்துச் சுவரில் இப்போது ஒரு பள்ளிக்கூட நோட்டு தொங்குகிறது. பொருள், ஊர், யாரிடம் கேட்டது, எந்த மாதம். உளுந்து: பெகு, தம்பி. உருளைக்கிழங்கு: ஹேஹோ. வெங்காயம்: செய்பியூ. உப்பு: மோன் மாநிலத்துக் கரை. கொண்டைக்கடலை: மொன்யுவா. கொண்டைக்கடலைக்கு இங்கே ‘கலாபே’ என்று பெயர், ‘கலா’க்காரன், அதாவது இந்தியாக்காரன் பயறு என்று அர்த்தம். நம்மை ஒதுக்கிப் பேசுகிற அந்தச் சொல்லைச் சூப்பில் போட்டு ருசித்துக் குடிக்கிறார்கள், என்ன சொல்வது! பெருங்காயம் என்ற வரியில் இந்தியா என்று எழுதியிருந்தேன். பிசின் ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும் எடுப்பது, இந்தியாவில் மாவு சேர்த்துக் கட்டியாக்குவது என்று மகன் திருத்தினான். நாலு வரி இன்னும் காலி. கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

நோட்டு வந்த பிறகு நான் எதிர்பாராத ஒன்று நடந்தது, மாவு மிஞ்சுவது குறைந்தது. முன்பெல்லாம் மிஞ்சினால் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். தம்பி குனிந்து பிடுங்கிய செடி ஞாபகம் வந்துவிட்டால் கை வராது. பத்து மணிக்கு மேல் மிச்சமிருந்தால் வெங்காயம் கிள்ளிப் போட்டுக் குழிப்பணியாரம். அதற்கென்றே வருகிற டாக்சிக்காரர்கள் இப்போது இருக்கிறார்கள்.

இந்த மாசியில் தம்பி போன் செய்தான். காய் கறுக்கும் நேரத்தில் இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டதாம். “மணி கொஞ்சம் நிறம் மங்கும்க்கா. ப்வேசா விலையைக் குறைச்சுக் கேக்கறார். உனக்கு நல்லதாப் பொறுக்கித் தனியா வைக்கட்டுமா?”

“பொறுக்க வேண்டாம். வர்றதை அப்படியே மூணு மூட்டை கட்டு. போன வருஷ விலைதான் கொடுப்பேன்” என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், “நல்லா காய வச்சு அனுப்பறேன்” என்றான்.